கருங்குன்றத்தின் இருபுறமும் கதிர் தொடும் வேளை பற்றிக் கீழைக்கோட்டைக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. கருங்குன்றத்தின் இருபுறத்து விளைநிலங்களும், அந்நிலங்களைக் காக்கும் இரு கோட்டைகளும், அக்கோட்டைகளில் உறங்கும் மழலைகளும் இடையூறின்றி இருப்பனவாகுக. மூன்று ஆறுகளுக்கு உரியவரும், யானைக்கொடி உயர்த்தியவரும், குடிகளின் குறையைத் தம் செவியால் கேட்டல்லது உணவு கொள்ளாதவருமான பெருங்கோமகளார் நறுவீ தேவியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் எழுதி, கீழைக்கோட்டைத் தலைவரும் 'முதற்கதிர் காவலர்' என்னும் பட்டம் உடையவருமான வெண்கோடனார் கண்டு தெளியுமாறு விடுத்த ஓலை. உம் மதில் உறுதியோடும், உம் வீரர் தோள்வலியோடும், உம் மனையோர் நலத்தோடும் இருக்க.

இவ்வோலையை நின்றபடி படிக்க வேண்டாம். அமர்ந்து படிக்க. இதிலுள்ள செய்தியைக் கேட்டபோது அரசியாரே அரியணையிலிருந்து இருமுறை எழுந்து இருமுறை அமர்ந்தார்.

மேலைக்கோட்டைத் தலைவர் கட்டியனாரின் தலையைக் கேட்டு நீர் கார்த்திகையில் ஓலை விடுத்தீர். குன்றின் முகட்டில் ஏறி நின்று விடியற்காலையில் கீழே நோக்கியதாகவும், உம் வீரர் கர்லா என்னும் பயிற்சிக்கட்டையை நூற்றெட்டுச் சுற்றுச் சுழற்றி முடித்த பின்னும் மேலைக்கோட்டையில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை என்றும், முன்னோர் கல்லில் பொறித்த பயிற்சி நெறியை மீறுவோர்க்குத் தலைபோவதே தண்டனை என்றும் அதில் எழுதியிருந்தீர். அரசியார் உம் சொல்லை நம்பினார். தை முழுநிலவு நாளில் கட்டியனாரின் தலை விழ வேண்டும் என்று ஆணை எழுதி, அதை நிறைவேற்றும் வாளையும் நடுவர் நல்லெழினியாரின் கையில் கொடுத்தார்.

நல்லெழினியார் உமக்கு அயலார் அல்லர். உம் கோட்டையிலேயே பிறந்து, பத்து வயதில் கர்லா ஏந்தி, இன்று நாற்பத்தாறு வயதிலும் இருள் பிரியுமுன் எழுந்து அதைச் சுழற்றுகிறவர். விடிந்தபின் பயிற்சி செய்பவனை அவர் ஆண்பிள்ளையாகவே எண்ணியதில்லை. ஆகவே இந்த வேலை அவருக்குக் கசக்கவில்லை. வாளை உறையிலிட்டு, வழியில் எங்கும் தங்காமல் மேலைக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவர் கண்டதையும் கேட்டதையும் இனி எழுதுகிறோம். பேசியவர் பேச்சை ஓலை நடைக்கு மாற்றாமல், வாயிலிருந்து வந்தவாறே எழுத வேண்டும் என்பது அரசியாரின் கட்டளை. சொல்லை மெருகிட்டால் உண்மையும் சிறிது தேயும் என்றார்.

நல்லெழினியார் சென்றபோது கீழ்வானம் வெளுத்து மூன்று நாழிகை ஆகியிருந்தது. நீர் எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மையாயிருந்தது. முற்றம் வெறுமையாய்க் கிடந்தது. சமையற்கட்டில் மட்டும் புகை. இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று எண்ணி, அவர் வாயிலிலேயே நின்று கட்டியனாரை அழைத்தார். வந்தவர் அகன்ற தோளும் கலைந்த தலையுமாக, கொட்டாவியை அடக்கிக்கொண்டே வந்தார். நடுவரின் இடையைப் பார்த்தார்.

"வாங்க நடுவரே. வாளைப் பாத்தாலே விஷயம் தெரியுது. கஞ்சி குடிச்சிட்டு வெட்டுறீங்களா, வெட்டிட்டுக் குடிக்கிறீங்களா?"

"விளையாட்டுக்கு நேரமில்ல. கதிர் ஏறி மூணு நாழிகை ஆச்சு. உங்க ஆளுங்க எங்கே?"

"கதிர் உங்களுக்கு ஏறியிருக்கும். எங்களுக்கு இன்னும் வரலியே" என்று சொல்லிக் கட்டியனார் தலைக்குமேல் கைகாட்டினார்.

நல்லெழினியார் நிமிர்ந்து பார்த்தார். கோட்டையின் முதுகை ஒட்டிச் சுவர்போல நிமிர்ந்து நின்றது கருங்குன்றம். வானம் நீலமாய் இருந்தும் முற்றம் முழுவதும் அதன் நிழலில் கிடந்தது. மேற்கே தொலைவில் வயல்கள் வெயிலில் மின்னின. கோட்டை மட்டும் அதிகாலைக் குளிரிலேயே இருந்தது. அந்தச் சுவரைத் தாண்டிக் கதிர் இறங்கிக் கொடிமரத்தின் முடியைத் தொட மேலும் நான்கு நாழிகை ஆகும் என்றார் கட்டியனார். தொட்டதும் கொம்பு ஊதும். ஊதியதும் கர்லா எடுப்பார்கள். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து ஒருநாளும் அது தவறியதில்லை.

நல்லெழினியார் இதை ஒரு சாக்கு என்றே கொண்டார். ஆயினும் பார்த்துவிடுவது முறை என்று காத்திருந்தார். வீரர்கள் எழுந்தார்கள், கேழ்வரகுக் கஞ்சி குடித்தார்கள், கதவுகளைத் திறந்தார்கள், ஆடுகளை ஓட்டினார்கள், குழந்தைகளின் தலை வாரினார்கள். ஏழாம் நாழிகையில் கொடிமரத்தின் முடி பொன்னிறமானது. கொம்பு ஊதியது. முற்றம் நிறைந்தது.

அங்கேதான் நடுவர் வாயிலை விட்டு உள்ளே நடந்தார். முன்வரிசையில் நின்று கர்லா சுழற்றியவர்களின் தலை வெள்ளையாயிருந்தது. இரண்டாம் வரிசையும் வெள்ளை. பல் போனவர்கள், புருவம் நரைத்தவர்கள், ஆனால் தோள் இளகாதவர்கள். நாற்பத்தாறு ஆண்டு வாழ்வில் எழுபது வயது வீரர் வரிசையாய் நிற்க அவர் கண்டதில்லை. கீழைக்கோட்டையில் வீரன் என்றால் பெரும்பாலும் ஐம்பதோடு கதை முடிந்தது என்பதே அவர் அறிந்த உலகம்.

அவ்வரிசையின் கோடியில் ஒரு கிழவர் நின்றார். அவர் முகத்தைக் கண்டதும் நல்லெழினியார் கொடிமரத்தைப் பற்றிக்கொண்டார். அது அவருடைய இறந்துபோன தந்தையின் முகம். அவர் ஒருபோதும் பார்த்திராத வயதில்.

"என்னப்பா அப்படி முழிக்கிற? கிழவன் கர்லா சுத்துறத இதுக்கு முன்னால பாத்ததில்லையா?" என்றார் கிழவர். பிறகு கர்லாவைத் தரையில் ஊன்றிக்கொண்டு கூர்ந்து பார்த்தார். "இந்த மூக்கு எங்க வீட்டு மூக்கால்ல இருக்கு. யாரு பெத்த புள்ள நீ?"

"இறையன் மகன்."

"அட! அப்ப நான் உன் சித்தப்பன்டா, ஆரல். அண்ணன் எப்படி இருக்கான்? என்னைவிட அரை நாழிகைதான் மூத்தவன். அதுக்கே நாள் முழுக்க அதிகாரம் பண்ணுவான். இன்னும் அப்படித்தானா?"

நம் நாட்டு வழக்கம் உமக்குத் தெரியும். பதினாறு வயதில் பிள்ளைகளின் பெயரைக் குடத்திலிட்டுக் குலுக்கி, எடுத்த சீட்டின்படி ஒருவனைக் கிழக்கே, ஒருவனை மேற்கே அனுப்புவோம். ஒரே கருவில் கிடந்த இறையனையும் ஆரலையும் அந்தக் குடம் பிரித்தது. பின்னர் ஒரு கோட்டையார் மறு கோட்டையின் இறப்பை அறியலாகாது என்பது சட்டம். பகைவர் கையில் சிக்கினாலும் மற்றவரின் ஆள்பலத்தைச் சொல்லிவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

"அப்பா போய் முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு, சித்தப்பா."

"எந்தப் போர்ல?"

"போர் இல்ல. முற்றத்துல. விடியக்காலைல. கையில கர்லா இருந்துச்சு. அப்படியே சாஞ்சிட்டாரு."

ஆரல் தரையில் அமர்ந்துவிட்டார். நெடுநேரம் விரல்விட்டு எண்ணினார். "நாப்பத்தேழா?" என்றார். "அந்த வயசுல நான் குன்றேறித் தேன் எடுத்துக்கிட்டிருந்தேனே."

அன்று நல்லெழினியார் வாளைக் கட்டியனாரிடமே கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னார். முழுநிலவுக்கு இருபத்தாறு நாள் இருந்தது. அதற்குள் ஒன்றை அறிந்தாக வேண்டும். இல்லையேல் ஆணை ஆணைதான். தக்க காரணம் காட்டாமல் தலையை விட்டால் நடுவரின் தலை போகும்.

அவர் முதலில் கற்களிடம் போனார். நம் வீரர் ஒவ்வொருவர்க்கும் இறந்தபின் ஒரு கல் நடுகிறோம், வாழ்ந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் அதில் ஒரு கோடு வெட்டுகிறோம். மேலைக்கோட்டையில் நாற்பது ஆண்டுகளில் நட்ட கற்கள் நூற்று முப்பத்தொன்று. அவற்றுள் தொண்ணூற்றாறு கற்களில் ஏழு கோடுகளோ எட்டோ இருந்தன. பிறகு குன்றைச் சுற்றி வந்து உம் கோட்டைக் கற்களிடம் நின்றார். அதே நாற்பது ஆண்டு, அதே அளவு படை. கற்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஏழு கோடு கொண்டவை இருபத்தெட்டு. மற்றவற்றில் பெரும்பாலும் நான்கு, ஐந்து. நோயோ என்று முதலில் மலைத்தார். தவறாக எண்ணியிருப்போமோ என்று மறுநாள் திரும்பவும் எண்ணினார். எண் மாறவில்லை.

வேறு காரணம் இருக்கக்கூடும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். உணவோ? இரு கோட்டைக்கும் ஒரே களஞ்சியத்துக் கேழ்வரகு. நீரோ? குன்றின் ஒரே சுனை இருபுறமும் வழிகிறது. குருதியோ? குடத்துச் சீட்டுக் குருதி பார்த்துப் பிரிப்பதில்லை. போரோ? போரில் பட்டவர் கல்லில் வேல் பொறிப்பது வழக்கம். அவற்றை நீக்கியும் எண்ணிப் பார்த்தார். வேறுபாடு அப்படியே நின்றது.

அப்போது உம் கோட்டைக் கற்களுள் அந்த இருபத்தெட்டு மட்டும் அவர் கண்ணை உறுத்தின. ஒரே வெயிலில், ஒரே மதிலுக்குள் வாழ்ந்து இவர்கள் மட்டும் எப்படித் தப்பினார்கள்? கல் கல்லாகப் பெயர் படித்தார். அவர்களுள் இருபத்திரண்டு பேர் யானைப்பாகர். உம் கோட்டையின் கிழப் பாகர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டார்.

"ஐயா, யானை உங்க விடியக்கால முரசுக்குக் கட்டுப்படுமா? காலையில அதக் குளிப்பாட்டணும், தழை போடணும். நாங்க கர்லா எடுக்கிறதே பொழுது மேக்க சாஞ்ச பிறகுதான். மத்தவங்க எங்களைச் 'சாயங்கால வீரருங்க'ன்னு கேலி பண்ணுவாங்க." பாகர் சிரித்தாராம். "பண்ணினவங்கல்லாம் போயிட்டாங்க. கேலிக்குத்தான் இப்ப ஆளில்ல."

அதே நூற்றெட்டுச் சுற்று. அதே எடை. மாறியது வேளை ஒன்றே.

இதைக் கண்டபின் நடுவர் அரண்மனை மருத்துவர் பூதியம்மையாரை வரவழைத்தார். அம்மையார் இருபது வீரரைத் தேர்ந்து, ஒருநாள் விடியலிலும் மறுநாள் பிற்பகலிலும் நூற்றெட்டுச் சுற்றுக் கர்லா சுழற்றச் சொல்லி, நாடியைப் பிடித்துக்கொண்டு அடியில் துளையிட்ட நாழிகை வட்டிலை நீரில் மிதக்கவிட்டார். பிற்பகலில் சுழற்றியவரின் நாடி, வட்டில் பாதி மூழ்குமுன் அமைதியானது. விடியலில் சுழற்றிய அதே மனிதரின் நாடி, வட்டில் முழுதும் மூழ்கிய பின்னும் குதித்துக்கொண்டிருந்தது. இளையவரிடத்தில் வேறுபாடு சிறிது. நாற்பது கடந்தவரிடத்தில் அச்சம் தரும் அளவு.

காரணத்தை அம்மையார் இவ்வாறு விளக்கினார். கிணற்றில் தோற்பையால் நீர் இறைப்பவன், இரவெல்லாம் காய்ந்து விறைத்த பையை எடுத்தவுடன் மாடு பூட்டி இழுக்கமாட்டான். முதலில் நனைப்பான். வெறும் பையை இருமுறை இறக்கி ஏற்றுவான். தோல் இளகிய பின்பே முழுச்சுமை. விறைத்த பையில் முழுச்சுமை ஏற்றினால் அன்றே கிழியாது. ஆனால் நாள்தோறும் ஓர் இழை அறும். இரவெல்லாம் நீர் அருந்தாத உடலில் குருதி தடித்திருக்கிறது. குளிரில் அது ஓடும் வழிகள் சுருங்கியிருக்கின்றன. உறக்கத்திலிருந்து எழும் வேளையில் நெஞ்சு தானாகவே ஒருமுறை பதறி விழிக்கிறது. அந்தப் பதற்றத்தின் மேல், வெறும் வயிற்றில், மார்கழிப் பனியில், நூற்றெட்டுச் சுற்றை ஏற்றுகிறோம். மேலைக்கோட்டையாரோ எழுந்து, நடந்து, உண்டு, உடல் சூடேறிய பின் கர்லாவைத் தொடுகிறார்கள். அவர்கள் அறிந்து செய்யவில்லை. அவர்களுக்காகக் குன்று அதைச் செய்தது.

அம்மையார் ஒன்றை அழுத்திச் சொன்னார். இது ஒரு குன்றின் இரு சரிவுகளில் கண்ட செய்தி. எல்லா உடலுக்கும் எல்லா நாட்டுக்கும் இதுவே விதி என்று தாம் உறுதி கூறமாட்டார். விடியலில் துள்ளி எழுந்து நூறாண்டு வாழ்பவரும் எங்கேனும் இருக்கலாம். பயிற்சியே தீது என்று எவரும் பிதற்றவும் வேண்டாம். ஏனெனில் நடுவர் ஓலைக்கூடத்தாரின் கற்களையும் எண்ணினார். நாள் முழுவதும் அமர்ந்து எழுதி, எந்த வேளையிலும் கர்லாவைத் தொடாத அவர்களின் கற்களில், உம் வீரரின் கற்களைவிடவும் கோடுகள் குறைவு. அரசியார் இதையும் விடாமல் எழுதச் சொன்னார்.

நல்லெழினியார் முழுநிலவுக்கு மூன்று நாள் முன்னே அரசியாரின் முன் நின்று இவை அனைத்தையும் கூறினார். அரசியார் அரியணையை விட்டு எழுந்தார். பிறகு, தம் தந்தையும் தம் தமையனும் எந்த வேளையில் இறந்தார்கள் என்று கேட்டார். விடை அவையில் எல்லோர்க்கும் தெரியும். நூற்றைம்பது ஆண்டுகளாகக் கற்களை நட்டு, கோடுகளை வெட்டி, மாலையும் சூட்டி வந்த நாம், ஒருமுறையும் இருபுறக் கற்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவில்லையே என்று அரசியார் கூறியபோதுதான் இரண்டாம் முறை அமர்ந்தார்.

இனித் தீர்ப்பு.

முன்னோர் கல்லில் உள்ளதை எவரும் போய்ப் படித்தறியலாம். அதில் உள்ளது இது: 'கதிர் கொடிமரத்து முடியைத் தொடும்போது கர்லா எடுக்க.' மேலைக்கோட்டையார் அதை ஒருநாளும் மீறியதில்லை. கதிர் தொட்ட பின்பே எடுக்கிறார்கள். உம் கோட்டையாரோ, கதிரை நாமே எழுப்புகிறோம் என்னும் பெருமையால், அது தொடுவதற்கு இரண்டு நாழிகை முன்பே முரசு கொட்டுகிறீர்கள். ஆகவே கல்லை மீறியவர் கட்டியனார் அல்லர். அவருடைய தலை அவருடையதே.

பொய்வழக்கு இட்டவர் தாம் கேட்ட தண்டனையைத் தாமே பெறுவது இந்நாட்டுச் சட்டம். நீர் கண்டதைத்தான் எழுதினீர் என்பதை அரசியார் அறிவார். ஆயினும் சட்டத்தில் அதற்கு விலக்கு இல்லை. எனவே நீர் கேட்ட தலைக்கு ஈடாக, வெண்கோடனாரே, உம் தலை அரசுக்கு உரியதாயிற்று.

இதை எழுதுகையில் உம் வீரர் ஒருவர் நடுவரிடம் சொன்னதையும் எழுதுக என்றார் அரசியார். பெயர் குறிக்கவில்லை, தேடவும் வேண்டாம். "அறுபதாவது சுத்துல தலைவர் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. நாங்க பாக்காத மாதிரி திரும்பிக்குவோம். பாத்தா அவருக்கு வெக்கமா இருக்கும்ல." உமக்கு வயது நாற்பத்தெட்டு. உம் தந்தையின் கல்லில் நான்கு கோடு. உம் தமையன்மார் இருவரின் கல்லிலும் நான்கு.

ஆகவே அரசியாரின் கட்டளை யாதெனில்: உம் தலை இனி உம்முடையதன்று, அரசியாருடையது. அதை வெட்டி எடுப்பதா வைத்திருப்பதா என்பது உடையவரின் விருப்பம். வைத்திருக்க விரும்புகிறார். நீர் அதன் காவலர் மட்டுமே. அரசின் உடைமையை விடியற்பனியில் பணயம் வைக்கக் காவலர்க்கு உரிமையில்லை. கல்லின் சொல் எதுவாயினும், இன்று தொடங்கிக் கீழைக்கோட்டையில் ஏழாம் நாழிகைக்கு முன் முரசு கொட்டலாகாது. வீரர் எழுந்து, நீர் அருந்தி, கஞ்சி உண்டு, உடல் இளகிய பின் கர்லா எடுக்க. பிற்பகலில் விரும்புவோர் பாகரோடு சேர்க. நெஞ்சைப் பிடிப்பவர் அதை மறைப்பது குற்றம். பார்த்தும் திரும்பிக்கொள்வது அதனினும் பெருங்குற்றம். இரு கோட்டையாரும் ஒருவர் இறப்பை ஒருவர் அறிய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இருபுறத்துக் கோடுகளையும் ஒரே முற்றத்தில் எண்ணுக.

இவ்வோலை உம் கையில் சேருமுன் முரசு முழங்கியிருந்தால், ஓலையை நீட்டுவதற்கும் முன்பே முற்றத்தில் புகுந்து உம் கையிலுள்ள கர்லாவை வாங்கிக்கொள்ள, இதைக் கொண்டுவருபவர்க்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. நீர் இதுகாறும் அவரை முகம் பார்த்ததில்லை. நடுவரோடு அரசவைக்கு வந்து, இரவு பகலாக வரவேண்டிய இவ்வழியில் தாமே போவதாகக் கேட்டு அனுமதி பெற்றவர் அவர். இப்போது உம் எதிரில் நிற்கிறார். மேலைக்கோட்டைத் தலைவர் கட்டியனார். அவருக்கு அமர இடம் தருக.

தைத் திங்கள், வளர்பிறைப் பதின்மூன்றாம் நாள். பெருங்கோமகளார் கேட்டுச் சரியென்றருள, யானை முத்திரை இட்டு, நடுவர் நல்லெழினியார் சான்றாக நிற்க, எழுதி முடிந்தது. இச்சொல் குன்றின் இருபுறமும் ஒன்றாகவே செல்வதாகுக.